பதிலாளு

இங்கன யாரும் வாராகளா சார்? இல்லேல்ல. சரி, ஒக்காந்துக்கிடுதேன். பைய மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா வல்லநாடு வளைவுல யாரு தலையிலயாவது விழும். பொறவு அதுக்கொரு கேசு.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? மெதுவா எடுக்கலாம், கண்டக்டர் நம்ம ஆளுதான். சொந்தமா? சொந்தமெல்லாம் இல்ல சார், இன்னைக்குத்தான் மூஞ்சியப் பாக்கேன். நாங்க அப்படித்தான் பேசுவோம். டீக்கடைக்காரன் நம்ம ஆளு, போஸ்ட்மேன் நம்ம ஆளு, மாதா கோயில் சாமியாரு நம்ம ஆளு. வாய்க்கு வந்த வார்த்தை. ஆனா பாருங்க, அந்த ஒரு வார்த்தையாலதான் இப்ப திருநெல்வேலிக்குப் போய்க்கிட்டிருக்கேன்.

கோர்ட்டுக்குத்தான். தள்ளி ஒக்காராதீங்க சார், கொலக் கேசு இல்ல.

என் பேரு ஜெபமணி. ஹார்பர்ல ஸ்டீவிடோர். கப்பல்ல வார சரக்க இறக்குததும் ஏத்துததும் நம்ம கான்ட்ராக்டு. கப்பல்காரன் ஏஜெண்டு கூப்பிட்டுச் சொல்லுவான், நான் கேங்கு கொண்டு போவேன், கேங்குக்கு எட்டுப் பேரு. போர்டுல ‘ஜெபமணி அன் சன்ஸ்’னு போட்டிருக்கும். சன்ஸ் ஒருத்தனும் கெடையாது, ரெண்டும் பொண்ணு. போர்டு எழுதுனவன் ஏதோ நம்பிக்கையில எழுதிட்டான். பொய்யின்னா அதுதான் நான் மாட்டுன மொதப் பொய். அதுவும் நான் சொன்னது இல்ல.

நாலு வருஷம் முந்தி, ஆடி மாசம். ஆடிக் காத்து தெரியும்லா. ஹார்பர் மேடையில நின்னா வேட்டி இடுப்புல நிக்காது. அன்னைக்கு ஒரு கப்பல் வந்துச்சு, காத்தாலை மிஷினு. கயத்தாறு பக்கம் வரிசையா நிக்குல்லா, அதுக்குத் தலையில வைக்கிற மிஷினு. மரப்பெட்டியில அடைச்சு வரும், ஒரு பெட்டி ஒரு சின்ன வீடு கணக்கா இருக்கும். மத்தியானத்துக்குள்ள இறக்கிக் குடுத்துரணும், அடுத்த கப்பல் வெளிய காத்து நிக்கி. எனக்கு எட்டுப் பேரு வேணும். அதுல பாக்கியநாதன்னு ஒருத்தன், ரெண்டு நாளைக்கு முந்தியே சொல்லிட்டான், அண்ணாச்சி, வியாழக்கெழம வீட்டுக்குக் காங்கிரீட் போடுதேன், வரமுடியாதுன்னு.

அப்படி ஒருத்தன் வரலன்னா பதிலாளு போடுறது எங்க வழக்கம். ஹார்பருக்குள்ள போறதுக்குக் குடுத்த பாஸு, வராதவன் பாஸ எடுத்துக்கிட்டு வேற ஒருத்தன் வருவான். லிஸ்ட்டுல பேரு வராதவன் பேராத்தான் இருக்கும். சம்பளம் வந்தவனுக்கு. எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான், ஹார்பர்ல எல்லாருக்கும் தெரியும். கேட்டுல நிக்க போலீசுக்கும் தெரியும்னு நெனைக்கேன். அந்தப் பாஸ்ல ஒட்டியிருக்க போட்டோவ வெயிலும் உப்புக்காத்தும் தின்னு வச்சிருக்கும். மீசை இருந்தாப் போதும், எவனும் எவனும்தான்.

பதிலாளா தொம்மை வந்தான். அவனா வரல, நான்தான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். பத்தொம்பது வருஷம் என் கேங்குல நின்ன ஆளு சார். சரக்கத் தூக்குத இரும்பு வயரு மாட்டுறதுல அவன மாதிரி ஒருத்தன் கெடையாது. அப்பம் ஏன் லிஸ்ட்டுல இல்லன்னு கேப்பீங்க. பாஸ் முடிஞ்சு போச்சு. புதுசு எடுக்கணும்னு பேப்பர்லாம் எழுதி, போட்டோ ஒட்டி, என் மேசையில குடுத்து வச்சிருந்தான். மூணு மாசம் இருந்துச்சு மேசையில. எனக்கும் ஆயிரம் சோலி. பாஸ் இல்லாம அவன் மூணு மாசமா வீட்டுல சும்மாத்தான் இருந்தான். நான் போய்க் கூப்பிட்டதும் சாப்பாட்டுத் தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சு வந்தான். நான் கூப்பிடலன்னா அன்னைக்கும் வேல இல்லாமத்தான இருந்திருப்பான். இத யாரும் நெனச்சுப் பாக்க மாட்டுக்காக.

வாகைக்குளம் வந்துட்டா? சீக்கிரம் போறானே.

பெட்டிக்கு வயரு மாட்டியாச்சு. கப்பல் கிரேனு ரெடி. மேல கப்பல் ஆபீசர் ஒருத்தன் நிக்கான், உக்ரேன்காரன், செவந்து போயி. தொம்மை வயரத் தடவிப் பாத்துட்டு எங்கிட்ட வந்தான். “அண்ணாச்சி, ஒரு எழ பிஞ்சிருக்கு. வேற வயரு வரட்டும்”ன்னான். வேற வயரு குடோனுல இருக்கு. போய் எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். ஒரு எழ பிஞ்சா வயரு அந்துருமா சார்? எத்தனையோ தடவ தூக்கியிருக்கோம். நான் அவன வையக்கூட இல்ல. நல்ல வார்த்தைதான் சொன்னேன். “ஏல தொம்மை, நம்ம ஆளு, நீயே இப்படிச் சொன்னா நான் யாருகிட்டல போவேன்?”

அவ்வளவுதான் சொன்னேன். அவன் போய்ப் பெட்டி ஆடாம இழுத்துப் பிடிக்கிற கயித்தக் கையில எடுத்துக்கிட்டான். நல்ல ஆளு, எதுத்துப் பேச மாட்டான். ஆபீசர் கையத் தூக்குனான். தூக்கலாம்னுதான் தூக்குனான். நிறுத்துன்னு தூக்குனான்னு பொறவு அவன் எழுதிக் குடுத்துருக்கான், அது அவன் பொழப்பு.

ரெண்டாளு உயரம் போச்சு பெட்டி. பட்டுன்னு ஒரு சத்தம். ஒரு பக்கமா சாஞ்சு மூலை வந்து மேடையில குத்துச்சு. மூலைக்கும் மேடைக்கும் நடுவுல தொம்மை காலு, வலது காலு. அடிபட்டவன் எல்லாரும் மாதாவே, ஆண்டவரேன்னுதான் கத்துவான். இவன் “அண்ணாச்சி”ன்னான் சார். ஒரே ஒரு தடவ. இன்னும் அது காதுல கெடக்கு. சொல்லக்கூடாது, சொல்லுதேன், அத நெனச்சா எனக்குச் சோறு எறங்காது.

என் கார்லதான் ஏத்திட்டுப் போனேன். சீட்டெல்லாம் ரத்தம். வேற எந்த முதலாளி செய்வான்? ஆஸ்பத்திரியில ஒரு நர்சுப் பிள்ள சீட்டு எழுதுதா. பேரு என்னன்னு கேட்டா. என் கையில அவன் சட்டப்பையில இருந்து எடுத்த பாஸ். பாக்கியநாதன்னு சொல்லிட்டேன். தொம்மைன்னா, தொம்மை எப்படி ஹார்பருக்குள்ள வந்தான்னு கேப்பான். லைசென்ஸ் போயிரும். அந்த நேரத்துல மூளைக்கு அதுதான் வந்துச்சு. இவரு ஒங்களுக்கு என்ன வேணும்னு அடுத்துக் கேட்டா. நம்ம ஆளுன்னேன். அவ ‘கான்ட்ராக்டர் ஆள்’னு எழுதிட்டா. எழுதுனது அப்படியே நிக்கி, கல்வெட்டு மாதிரி.

காலு தொடைக்குக் கீழ எடுத்துட்டாக. சாயங்காலம் கையெல்லாம் சிமெண்டோட பாக்கியநாதன் ஓடி வாரான். “அண்ணாச்சி, என் பேருல காலு எடுத்துட்டாகளாமே”ன்னான். சிரிக்கவா அழவான்னு தெரியாம அவன் நின்ன நிப்பு இருக்கே. எனக்கும் ஒரு சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். உயிரு தப்பிச்சுல்லா, தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு, பாக்க வந்த சாமியாருகிட்டச் சொன்னேன். அவரு தொம்மை கட்டிலப் பாத்துப் போயிட்டாரு.

தொம்மைகிட்டப் போய், பொறுல, கேசு கீசுன்னு போகாத, எல்லாம் நான் பாக்கேன்னு சொன்னேன். அவனும் பொறுத்தான். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணுமாமே நஷ்டஈட்டுக் கேசு, அதுக்குப் பத்து நாளு முந்தி வரைக்கும் பொறுத்தான். அவன் பொண்டாட்டி சலேத்தம்மாதான் யாரு சொல்லியோ போய்ப் போட்டுட்டா. நான் பாக்கவா இல்ல? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக்கு குடுத்து விட்டேன். கேசு போட்ட வருஷமும் குடுத்து விட்டேன். திருப்பி அனுப்பிட்டா. கேக்கு மேல என்ன கோவம்?

இதுக்கெடையில இன்னொரு கேசு. மிஷினு ஒடஞ்சுதுல்லா, அந்தக் கம்பெனிக்காரன் சென்னையில என் மேல போட்டான். சம்பவம் நடந்து பதினாலு மாசம் கழிச்சு. இனி எனக்குக் கதியே இல்லன்னு தலையில துண்டப் போட்டுட்டு ஒக்காந்துட்டேன். அங்க ஒரு வயசான வக்கீலு, ரங்கராஜன்னு பேரு, கப்பல் கேசுதான் பாப்பாரு. சரக்குச் சீட்டுக்குப் பின்னாடி எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்துல அடிச்சிருப்பான், அத ஒரு கண்ணாடிய வச்சு வாசிச்சாரு. ஒரு வருஷத்துக்குள்ள கேசு போடலன்னா கப்பலத் தொட முடியாதாம். கப்பலுக்காக வேல பாக்கவனையும் தொட முடியாதாம். கப்பல் பிடிக்கிற குடைக்குள்ள நானும் நின்னுக்கிடலாம், ஆனா ஒண்ணு, நான் கப்பலோட ஆளா இருக்கணும்.

நான் யாரு ஆளும் இல்ல சார், நான் முதலாளின்னேன். எனக்கு ரோசம் வந்துட்டு. அவரு கண்ணாடியக் கழத்திட்டுச் சொன்னாரு, “ஜெபமணி, இந்தக் கேசுல மட்டும் முதலாளி ஆகாதீங்க. ஆளா இருங்க, பொழைச்சுக்குவீங்க.”

சரின்னு ஆளானேன். கூண்டுல ஏறிச் சொன்னேன், கப்பல் ஆபீசர் கையத் தூக்குனான், நாங்க தூக்குனோம், நாங்க அவுக ஆளு, இந்த எட்டுப் பேரும் என் ஆளுன்னு. அதுக்கு ஒரு போட்டோ இருக்கு. பெட்டியத் தூக்குததுக்கு முந்தி, சரக்கச் சோதிக்க வந்த சர்வேயர் எடுத்தது. எட்டுப் பேரும் பெட்டியச் சுத்தி நிக்காங்க, மேல அந்த உக்ரேன்காரன் கைய நீட்டிக்கிட்டு நிக்கான். யாரு வேல வாங்குனான்னு அதுல பச்சையாத் தெரியுது. வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொருத்தரா பேரு சொல்லச் சொன்னாக. லிஸ்ட்ட வச்சுக்கிட்டுச் சொன்னேன். கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கது யாருன்னாக. லிஸ்ட்டுல எட்டாவது பேரு பாக்கியநாதன். பாக்கியநாதன்னேன். ஜட்ஜு எழுதிக்கிட்டாரு. தீர்ப்பு அடுத்த மாசம்னு சொல்லுதாக.

இந்த முறப்பநாட்டுப் பாலம் வந்தா ஒரு குளிர்ச்சி வரும் பாத்தீங்களா. ஆத்துல தண்ணி கெடக்கு. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலும்பாங்கல்லா, அது நான்தான். சென்னையில எட்டுப் பேரும் என் ஆளு. திருநெல்வேலியில, தொம்மை கேசுல, எட்டுல ஒருத்தன் என் ஆளு இல்ல. அப்படிச் சொல்லித்தான் ஆகணும். இங்க நமக்கு ஒரு சின்ன வயசு வக்கீலு, பேசுனா கத்தி மாதிரி இருக்கும். தொம்மைங்கிற பேரு எந்த லிஸ்ட்டுலயும் இல்ல, கேட்டு ரெக்கார்டுல இல்ல, ஆஸ்பத்திரியிலயும் பாக்கியநாதன்தான், அப்பம் தொம்மைக்குக் காலு எங்க போச்சோ நமக்கென்ன தெரியும்ங்காரு. எல்லாப் பேப்பரும் நம்ம பக்கம், நீங்க வாய மட்டும் பாத்துக்கிடுங்க, ‘நம்ம ஆளு’ன்னு மட்டும் வாயில வந்துரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. என் வீட்டுக்காரிய எதுக்க ஒக்கார வச்சுப் பழகிப் பாத்தேன். அவ வக்கீலு மாதிரி கேப்பா, தொம்மை யாருன்னு. நான் தெரியாதுன்னு சொல்லணும். நேத்து நாலு தடவ சரியாச் சொன்னேன். அஞ்சாவது தடவ கேக்கும்போது அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. புளிக்கொழம்பு கொதிச்சுட்டுன்னு போனா. கொழம்பு ஏற்கெனவே எறக்கி வச்சாச்சு.

உண்மையச் சொல்ல வேண்டியதுதானன்னு பாக்கீங்க. மூஞ்சியிலயே தெரியுது. சொல்லலாம் சார். சொன்னா சென்னையில சொன்னது பொய்ச்சாட்சி. லைசென்ஸ் போகும். என்ன நம்பி நாலு கேங்கு இருக்கு, முப்பத்திரண்டு வீட்டுல அடுப்பு எரியணும். ஒருத்தன் காலுக்காக அத்தன பேரு வயித்துல அடிக்கச் சொல்லுதீங்களா? தொம்மைகிட்டக் கேட்டா அவனே வேண்டாம்பான். அவன் அப்படிப்பட்ட ஆளு.

போன வாய்தாவுக்கு வந்திருந்தான். நஷ்டஈட்டுக் கேச விசாரிக்கது லேபர் ஆபீசுல, நமக்கு அதுதான் கோர்ட்டு; அந்த ஆபீஸ் வராந்தாவுல பெஞ்சுல ஒக்காந்திருக்கான், பக்கத்துல கம்பு. நான் படியேறி வாரேன். என்னயப் பாத்ததும் எந்திரிக்கப் பாக்கான் சார். ஒத்தக் காலுல. பத்தொம்பது வருஷப் பழக்கம். எதுத்தாப்புல நிக்கது எதிராளின்னு அவனுக்குத் தோணல பாத்துக்கிடுங்க. “வாங்க அண்ணாச்சி, வெயிலா இருக்கா”ங்கான். நான் கேக்காத மாதிரி உள்ள போயிட்டேன். வக்கீலு பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு.

வெளிய வரும்போது சலேத்தம்மா வழிய மறிச்சா. ஏசுவான்னு நெனச்சேன், ஏசிட்டா நல்லாருந்திருக்கும். மெதுவாச் சொன்னா, “அண்ணாச்சி, நஷ்டஈடு கெடைக்காட்டாலும் போகுது. எங்க வீட்டு ஆளு தண்ணியப் போட்டுட்டு லாரியில விழுந்தாகன்னு ஒங்க வக்கீலு சொல்லுதாரு. எம்பிள்ளைக அத நம்ப ஆரம்பிச்சுட்டு. அன்னைக்கு அவுக அங்கன நின்னாகளா இல்லையா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

கார் நிக்க எடத்துக்குப் போயிட்டேன். டிரைவர் எங்கயோ டீ குடிக்கப் போயிட்டான், வெயிலுல நின்னேன். அவளும் அங்கனயே நின்னா. அதான் இன்னைக்குக் கார் எடுக்கல, பஸ்ல வாரேன். வேற ஒண்ணும் இல்ல.

பையிலயா? கேசுப் பேப்பர்தான். தண்ணிப் பாட்டிலு, ஒரு துண்டு. ஏன் இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னு கேக்கீங்க. மடியில கனமிருந்தாத்தான வழியில பயம்பாங்க. அந்தப் போட்டோ இதுல இருக்கு. சென்னை வக்கீலு ஒரு காப்பி குடுத்தாரு. இதத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டு வந்துராதீங்கன்னு இந்த வக்கீலு சொன்னாரு. சலேத்தம்மா கையில வேற ஒரு சீட்டும் கெடையாது. இது அவ கையில கெடைச்சா கேசு அன்னைக்கே முடிஞ்சுது. எடுத்து வீட்டுல வைக்கணும்னுதான் நெனச்சேன். மறந்துட்டேன். காலையில பைபிளுக்குள்ள இருந்துச்சு, பேப்பரோட பேப்பரா பையில வந்துட்டு.

பாக்கீங்களா? பாருங்க, நீங்க வெளியூரு, ஒங்களுக்கென்ன. வெளிச்சத்துல பிடிங்க. இது பரமசிவம். இது சூசை மிக்கேலு, இவன் மகனுக்குத்தான் என் சின்னவ கல்யாணத்தன்னைக்குக் கல்யாணம், ரெண்டு பந்தலுக்கும் ஓடுனேன். இது வேலாயுதம், போன வருஷம் செத்துட்டான். இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி, மந்திரமும் முத்தையாவும். குனிஞ்சு நிக்கது இருதயராசு. பீடியோட நிக்கான் பாருங்க, கிளாடுசன், எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டான். இந்தக் கடைசியில, கயித்தப் பிடிச்சுக்கிட்டு, மேல பாக்காம வயரயே பாத்துக்கிட்டு நிக்கான்லா, இவன் நம்ம ஆளு தொம்மை.

பாக்கியநாதன்.

பாக்கியநாதன்னுதான் சொன்னேன். பஸ்ஸு சத்தத்துல ஒங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது.

வீட்டுக்காரிகிட்ட நாலு தடவ சரியாச் சொன்னேன் சார்.

கேடிசி நகரு தாண்டிட்டு. நீங்க பாளையங்கோட்டையிலதான எறங்குதீங்க? நானும் அங்கதான். ஆபீசு பக்கத்துலதான் இருக்கு, ஒரு வேப்பமரம் நிக்கும், அதுக்கடியில ஒரு பொம்பள நிப்பா. ஊதாக் கலரு சேலை, பழசு. பக்கத்துல பெஞ்சுல ஒரு கம்பு சாத்தி வச்சிருக்கும், பாத்ததும் தெரிஞ்சுரும். நான் பின்வாசல் வழியாப் போயிருவேன். உள்ள போய் வக்கீலு சொன்னபடிதான் சொல்லுவேன், தெரியாதுன்னு. சொல்லித்தான் ஆகணும், முப்பத்திரண்டு வீடு.

போட்டோவ இந்தக் கவருல போட்டுட்டேன், நீங்க வச்சுக்கிடுங்க. கைய இழுக்காதீங்க சார், கனமாவா இருக்கு? ஒரு காயிதம்தான. அவகிட்டக் குடுத்துட்டு ஒங்க சோலியப் பாத்துப் போயிருங்க. எனக்குப் பதிலா நீங்க போறீக, அவ்வளவுதான். யாரு குடுத்தான்னு கேட்டா பஸ்ல கெடந்துச்சுன்னு சொல்லுங்க. யாருன்னு தெரியாதுன்னு சொல்லுங்க. ஒங்களுக்கு அது சுளுவா வரும், நெசமாவே தெரியாதுல்லா.

நீங்க யாரோட ஆளும் இல்லேல்ல சார்?